திராட்சைக் கொடி யார் பேரில்?

சென்ற வாரம் இந்தப் பக்கத்தில் எலுமிச்சங்காய் ஊறுகாயைப் பற்றி எழுதினாலும் எழுதினேன். உப்பு எத்தனை படி, வெயில் எத்தனை நாள், ஜாடி பீங்கானா கண்ணாடியா என்று கேட்டு வந்த கடிதங்களுக்குப் பதில் எழுதியே என் பேனா வற்றிப் போயிற்று. ஒரு சகோதரி மட்டும் வேறு மாதிரி எழுதியிருந்தார். "ஊறுகாய் போதும், அம்மா! எங்களை எங்கேயாவது வெளியூருக்கு அழைத்துக்கொண்டு போங்கள்!" என்று. ஆகட்டும். இந்த வாரம் போவோம். அதுவும் கொஞ்ச தூரமல்ல. வாசுதேவநல்லூரிலிருந்து புறப்பட்டால் ரயிலிலும் பஸ்ஸிலுமாக நான்கைந்து நாள் பிரயாணம்.

போகிற இடம் ஒரு திராட்சைத் தோட்டம். அந்தத் திராட்சையிலிருந்து மது எடுக்கிறார்கள் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். உடனே முகத்தைச் சுளிக்க வேண்டாம். நானும் இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான். 1937-ல் சேலம் ஜில்லாவில் ராஜாஜி மதுவிலக்கைக் கொண்டுவந்ததும், 1948-ல் அது மாகாணம் முழுவதற்கும் பரவியதும், 1971-ல் அந்தக் கதவு திறந்ததும் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டு வளர்ந்தவள். குடியினால் தாலிக் கொடி அடகுக் கடைக்குப் போன வீடுகள் எத்தனை என்று எங்கள் தெருவிலேயே விரல் விட்டு எண்ணுவேன். ஆகவே குடிக்கு வக்காலத்து வாங்க வரவில்லை. நான் சொல்ல வந்தது அந்தக் கொடியைப் பற்றி.

விஷயம் ஆரம்பித்தது எதிர் வீட்டு ஆச்சியின் திண்ணையில். ஆச்சியின் பேரன் இந்தோ–திபெத் எல்லைக் காவல் படையில் இருக்கிறான். லீவில் வந்தவன் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே, மல்லிகை மொட்டைப் பழுப்புச் சாயத்தில் தோய்த்தாற்போல், விரற்கடை நீளத்தில் வழவழவென்று சில கொட்டைகள்.

"என்னலே இது? பேரீச்சங்கொட்டையா?" என்றாள் ஆச்சி.

"சில்கோஜா ஆச்சி. ஒரு ஜாதிப் பைன் மரத்துக் காய்க்குள்ளே இருக்கும். வறுத்து, தோலை நீக்கித் தின்னணும். அத்தை, நீங்களும் எடுத்துக்குங்க."

முந்திரிப் பருப்பைவிட மெதுவாக, லேசாகப் பிசின் வாசனையோடு இருந்தது. இந்தியாவில் இந்த மரம் பெருவாரியாக வளர்கிற இடம் ஹிமாசலப் பிரதேசத்துக் கின்னௌர் ஜில்லாதான். பையனுக்கு அங்கேதான் வேலை. அவன் சொல்லச் சொல்ல, நான் அப்புறம் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்துச் சேர்த்துக்கொண்டதுதான் இந்தக் கட்டுரை.

கின்னௌரைப் புரிந்துகொள்ள எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு. எங்களுக்கு மேற்கே மலை. சாயங்காலம் சூரியன் அதற்குப் பின்னால் இறங்கினால் ஊருக்குச் சீக்கிரமே நிழல் வந்துவிடும். மலைக்கு அப்பால் கேரளம். ஆனி, ஆடி மாதங்களில் அங்கே வானம் பொத்துக்கொண்டு கொட்டும். இங்கே எங்களுக்கு வருவது காற்றும் சாரலும்தான். மேகங்களெல்லாம் மலையைத் தாண்டுவதற்குள் சரக்கை அந்தப் பக்கமே இறக்கி வைத்துவிடுகின்றன. எங்கள் குளம் நிறைய வேண்டுமானால் ஐப்பசி, கார்த்திகையை எதிர்பார்த்திருக்க வேண்டும். ஒரே மலை, ஒரு பக்கம் பச்சை, இன்னொரு பக்கம் பனையும் உடைமரமும்.

இதையே பத்து மடங்காகப் பெருக்கிப் பாருங்கள். எங்கள் மலைக்குப் பதில் ஹிமாலயம். ஸட்லெஜ் நதி திபெத்திலிருந்து ஷிப்கி கணவாய்ப் பக்கமாக இந்தியாவுக்குள் நுழைந்து, மலையைக் கத்தியால் அறுத்தாற்போல் அறுத்துக்கொண்டு இறங்குகிறது. அந்த வெட்டுக்குள்தான் கின்னௌர் இருக்கிறது. ஜில்லாவின் கீழ்ப் பகுதிக்குப் பருவமழை எட்டிப் பார்க்கும். மேலே போகப் போக மழை குறைந்து, திபெத் எல்லையை நெருங்கும்போது மண்ணும் கல்லுமாகக் குளிர்ந்த பாலைவனமே வந்துவிடும். நடுவில் இருக்கிற துண்டில்தான் திராட்சைக்கு வாகான சீதோஷ்ணம். ரிப்பா என்று ஒரு கிராமம். எட்டாயிரம் அடிக்கு மேலே இருக்கிறது. நம் கொடைக்கானல் ஏழாயிரம் அடி! கொடைக்கானலையும் குனிந்து பார்க்கிற உயரத்தில் திராட்சைக் கொடி வளர்த்து, பழம் பறித்து, மதுவும் எடுக்கிறார்கள். அந்தப் பக்கத்தில் "ரிப்பா அங்கூரி" என்றால் தெரியாதவர் இல்லை. ஹிந்தியில் அங்கூர் என்றால் திராட்சை.

அவ்வளவு உயரத்தில் என்ன விசேஷம்? சமையலறையிலிருந்தே சொல்லிவிடலாம். ஒன்பதாயிரம் அடி உயரத்தில் தண்ணீர் 100 டிகிரிக்குப் பதில் ஏறக்குறைய 91 டிகிரியிலேயே கொதித்துவிடும். உலை தளதளவென்று கொதிக்கும்; பருப்பு மட்டும் வேகாது. குக்கர் இல்லாத வீட்டில் மத்தியானச் சாப்பாடு சாயங்காலம்தான். காற்று அவ்வளவு லேசு. லேசான காற்று வெயிலை வடிகட்டாது. ஆகையால் வெயில் ஊசியாகக் குத்தும். அந்த வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சை தோலைத் தடிப்பாக்கிக் கொள்கிறது. நிறமும் துவர்ப்பும் தோலில் இருப்பவை, அவையும் கூடுகின்றன. சூரியன் மறைந்ததும் குளிர் விழுந்துவிடும். பகல் வெயிலில் பழத்தில் சர்க்கரை ஏறுகிறது. ராத்திரிக் குளிரோ அதிலுள்ள புளிப்பைக் கரைய விடாமல் காப்பாற்றி வைக்கிறது. வெறும் தித்திப்பாகத் திகட்டாமல், தித்திப்பும் புளிப்பும் சரிமட்டமாக நிற்கிற பழத்துக்கு இதுதான் ரகசியம். மழை ஈரம் இல்லாததால் பூஞ்சைக் காளான் தொல்லையும் குறைவு. வேருக்குத் தண்ணீர்? மலை மேல் உறைந்த பனி உருகி ஓடுகிற ஓடையை வாய்க்காலாக வெட்டித் திருப்பிக்கொண்டு வருகிறார்கள். 'கூல்' என்று அதற்குப் பெயர். எந்த வீட்டுக்கு எந்த வேளைத் தண்ணீர் என்று நம் ஊரில் குளத்துப் பாசனத்துக்கு முறை வைப்பதுபோல அங்கேயும் முறை உண்டு.

பழம் புரட்டாசி, ஐப்பசியில் பக்குவமாகும். அதைப் பிழிந்து பாத்திரத்தில் இட்டு மூடி வைத்துவிட்டால், தோலோடு வந்த நுண்ணுயிர்களே மற்றக் காரியத்தைப் பார்த்துக்கொள்ளும். நம் இட்லி மாவு கதைதான். ஊட்டியில் மார்கழி மாதம் மாவு பொங்காமல் கல்லாக உட்கார்ந்திருக்கிறதே, அதுபோல அந்தக் குளிரிலும் புளிப்பு அவசரப்படாமல் நிதானமாக ஏறும். அப்படியே வடிகட்டினால் திராட்சை மது. அதைப் பானையில் ஏற்றிக் காய்ச்சி, ஆவியைக் குளிரவைத்துச் சொட்டுச் சொட்டாக வடித்தால் தெளிந்த சாராயம். அங்கூரி என்று பொதுவாக இரண்டையுமே சொல்லிவிடுகிறார்கள். சர்க்கரைப் பாதாமி என்று நாம் உலர்த்தி வாங்குகிறோமே, அந்தப் பழத்தின் காட்டு ஜாதியிலிருந்தும் வடிப்பதுண்டு. கிராம தேவதைக்குப் படைப்பது, கல்யாணத்தில் சம்பந்தியை வரவேற்பது, இறந்தவர்களை நினைத்துப் பூப் பறித்து வந்து கொண்டாடுகிற புரட்டாசித் திருவிழா, எல்லாவற்றிலும் இதற்கு இடம் உண்டு. மலைஜாதி மக்கள் சொந்த உபயோகத்துக்கும் சடங்குக்கும் வீட்டில் காய்ச்சிக்கொள்ள அந்த ராஜ்ய அரசாங்கம் இடம் கொடுத்திருக்கிறது. அதனால் அங்கே குடித்துக் கெட்டவர்களே இல்லை என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். சாமிக்குப் படைத்ததுதானே என்று சாராயம் ஆளைப் பார்த்துத் தயவு காட்டுவதில்லை.

திராட்சை அங்கே இன்று நேற்று வந்ததல்ல. அலெக்ஸாண்டர் ஜெரார்டு என்ற வெள்ளைக்காரத் துரை அந்த மலைகளை அளந்து திரிந்து எழுதிய கின்னௌர் விவரப் புத்தகம் 1841-ல் வெளியாயிற்று. அதற்குள்ளேயே திராட்சை வந்துவிட்டது. கவர்னர் ஜெனரலாக இருந்த டல்ஹௌசி பிரபுவுக்குச் சினி என்ற ஊர் மிகவும் பிடித்துப் போயிற்று. அங்கே போய்த் தங்கினார். அந்தச் சினிக்குத்தான் இப்போது கல்பா என்று பெயர். பிரபு 1850-ல் ஆரம்பித்து வைத்த ஹிந்துஸ்தான்–திபெத் ரஸ்தா அந்த வழியாகத்தான் போகிறது. ரஸ்தா என்று பெயரே தவிர, கோவேறு கழுதையும் ஆடும் போகிற பாதை. ஆட்டின் முதுகில்கூடச் சிறு மூட்டை கட்டி மலை தாண்டி வியாபாரம் செய்வார்கள். திபெத்திலிருந்து கம்பளியும் உப்பும் வரும். இங்கிருந்து தானியமும் உலர்ந்த பழமும் போகும். 1962 யுத்தத்தோடு அந்த வியாபாரம் நின்றுவிட்டது. ராம்பூரில் கார்த்திகை மாத வாக்கில் கூடுகிற லவி சந்தை மட்டும் இன்னும் நடக்கிறது. கம்பளியும் சில்கோஜாவும் உலர்ந்த பழங்களும் வாங்க அங்கே கூட்டம் சேரும்.

இப்போது மோட்டார் ரஸ்தா இருக்கிறது. சிம்லாவிலிருந்து ஜில்லாத் தலைநகரான ரெக்காங் பியோவுக்குச் சுமார் 230 கிலோமீட்டர். நம் பக்கத்தில் நாலு மணி நேரம். அங்கே விடியற்காலை ஏறினால் பொழுது சாய இறங்கலாம். பாறையைக் குடைந்து பாதி சுரங்கம்போல வழி செய்திருக்கிறார்கள். தலைக்கு மேலே பாறை, காலுக்குக் கீழே பாதாளம். தரண்டா தேவி கோயில் வந்ததும் பஸ், லாரி எல்லாம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் புறப்படும். கும்பிடாமல் போக யாருக்குத் தைரியம் வரும்? 2021 ஆகஸ்டு 11-ந் தேதி நிகுல்சாரி என்ற இடத்தில் மலை சரிந்து, பஸ்ஸும் மற்ற வண்டிகளும் புதைந்து 28 பேர் மாண்டார்கள். மழையில் நனைந்து பழகாத மலையில் இப்போது மழை கூடுகிறது என்கிறார்கள். நதியை மலைக்குள் சுரங்கத்தில் திருப்பி மின்சாரம் எடுக்கிறார்கள். 2011-ல் முடிந்த கர்ச்சம்–வாங்டு திட்டம் மட்டும் 1,000 மெகாவாட். சுரங்கம் தோண்டிய இடங்களில் ஊற்றுக் கண் அடைபட்டுப் போயிற்று என்று கிராமத்தார் குறைப்படுகிறார்கள். திராட்சைக் கொடிக்குக்கூட இப்போது போட்டி வந்திருக்கிறது. 1916-ல் கோட்கட் என்ற ஊரில் ஸத்யானந்த் ஸ்டோக்ஸ் என்பவர் அமெரிக்க ஜாதி ஆப்பிள் கன்றுகளை நட்டார். அந்த ஆப்பிள் மெல்ல மெல்ல மலையேறிக் கின்னௌருக்கும் போய்விட்டது. மற்ற ஊர் ஆப்பிளெல்லாம் தீர்ந்த பிறகு கின்னௌர் ஆப்பிள் வருவதால் நல்ல விலை. கொடியைப் பிடுங்கி மரத்தை வைத்தவர்கள் பலர். பணம் வந்தது. பணம் வந்ததும் மண்ணுக்கு மதிப்பு ஏறியது.

இங்கேதான் ஆச்சி குறுக்கிட்டாள். இத்தனை நேரம் வெற்றிலையை மென்றுகொண்டு சும்மா இருந்தவள், "ஏலே, அந்தத் தோட்டத்திலே வேலை பாக்கிறது யாரு?" என்றாள்.

"பொம்பளைங்கதான் ஆச்சி. களை எடுக்கிறது, எரு சுமக்கிறது, பழம் பறிக்கிறது, ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறது எல்லாம் அவங்கதான். முதுகிலே கூடையைக் கட்டிக்கிட்டு ஏறினாங்கன்னா நாங்க பின்னாலே போக முடியாது. தலையிலே ஆம்பளை மாதிரியே பச்சைப் பட்டை வச்ச தொப்பி வேறே."

"சாராயம் வடிக்கிறது?"

"அதுவும் பெரும்பாலும் வீட்டுப் பொம்பளைங்கதான்."

"தோட்டத்துப் பட்டா யார் பேரிலே?"

பையன் விழித்தான். அவனுக்குத் தெரியவில்லை. துப்பாக்கி பிடிக்கிறவனுக்குப் பட்டா விவகாரம் எதற்கு? ஆனால் எழுபத்தெட்டு வயசுக் கிழவிக்கு முதலில் தோன்றிய கேள்வி அதுதான். நான் வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தது இதைத்தான்.

கின்னௌரில் விளைநிலம் கொஞ்சம். மலைச் சரிவில் படிக்கட்டுப் படிக்கட்டாகக் கட்டிய துண்டுகள். பிள்ளைகளுக்குப் பங்கு பிரித்தால் ஆளுக்கு ஒரு பாய் விரிக்கிற இடம்தான் தேறும். அதனால் பழைய காலத்தில் அண்ணன் தம்பி எல்லாரும் சேர்ந்து ஒரு பெண்ணையே மணந்துகொள்கிற வழக்கம் இருந்தது. பாஞ்சாலி கதையைச் சொல்லி அதற்குப் பெருமையும் சேர்த்துக்கொண்டார்கள். (ஐந்து மாமியாருக்குப் பதில் ஒரே மாமியார்தானே, அதுவரையில் லாபம் என்று என் சித்தி பெண் சொன்னாள். அவள் பேச்சு கிடக்கட்டும்.) இப்போது அந்த வழக்கம் அநேகமாக மறைந்துவிட்டது. ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாலு அண்ணன் தம்பிக்கு ஒரு பெண் என்றால் மற்ற மூன்று பெண்கள் என்ன ஆவார்கள்? கல்யாணம் ஆகாமல் பிறந்த வீட்டிலேயே தங்கி நிலத்தில் உழைத்தார்கள். சிலர் தலையை மழித்துக்கொண்டு பௌத்த சன்னியாசினிகளானார்கள். 'ஜோமோ' என்று அவர்களைச் சொல்வது. ஜோமோக்களும் அறுவடைக் காலத்தில் வயலில் இறங்கி வேலை செய்வார்கள்.

சொத்து? அந்தப் பக்கம் அப்போது புஷாஹர் என்ற சுதேச சமஸ்தானம். அங்கே 'வாஜிப்–உல்–அர்ஸ்' என்று கிராம வழக்கங்களை எழுதி வைத்த ஏடு ஒன்று உண்டு, 1926-ல் எழுதியது. வீடும் நிலமும் ஆண் வாரிசுக்கு என்பதுதான் அதில் கண்ட வழக்கம். மகளுக்குக் கல்யாணம் ஆகிறவரையில் சோறும் துணியும், அவ்வளவுதான். 1948-ல் சமஸ்தானம் போயிற்று. 1956-ல் டில்லியில் ஹிந்து வாரிசுச் சட்டம் வந்தது. மகளுக்கும் பங்கு என்றது. ஆனால் அதே சட்டத்தின் இரண்டாவது பிரிவிலேயே ஒரு வரி இருக்கிறது: மத்திய அரசாங்கம் தனியாக உத்தரவு போட்டாலொழிய, பழங்குடியினருக்கு இந்தச் சட்டம் செல்லாது. கின்னௌர் மக்கள் பழங்குடிப் பட்டியலில் இருப்பவர்கள். ஒரு வரி, அவ்வளவு பேருடைய பங்கும் அதற்குள் போயிற்று.

அந்த ரிப்பா கிராமத்திலேயே ரத்தன் மஞ்சரி என்று ஓர் அம்மாள். தாமே தோட்டக்காரர். பெண்களைக் கூட்டி ஒரு மகளிர் சங்கத்துக்குத் தலைமை வகித்து, "நாங்கள் பாடுபடுகிற நிலத்தில் எங்களுக்கும் பாத்தியதை வேண்டும்" என்று பல வருஷங்கள் விடாமல் போராடியவர். எதிர்த்தவர்கள் சொன்ன காரணம் ஒன்றுதான்: பெண்ணுக்கு நிலம் கொடுத்தால் வெளியூர் மாப்பிள்ளை வந்து மலையை விலைக்கு விற்றுவிடுவான்! கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆனால் பழங்குடியார் நிலத்தை மற்றவர்களுக்கு மாற்றிக் கொடுப்பதைக் கட்டுப்படுத்த 1968-லேயே ஹிமாசலத்தில் தனிச் சட்டம் போட்டாயிற்று. மாப்பிள்ளைக்குப் பயந்து மகளை ஒதுக்க வேண்டிய அவசியம் எங்கே வந்தது? எனக்குப் புரியவில்லை.

2015 ஜூன் 23-ந் தேதி சிம்லா ஹைகோர்ட்டு ஒரு தீர்ப்பில், ஹிமாசலத்துப் பழங்குடிப் பகுதிகளில் மகளும் ஹிந்து வாரிசுச் சட்டப்படியே சொத்தை அடைய வேண்டும், வழக்கம் குறுக்கே நிற்கக் கூடாது என்றது. பெண்கள் கொண்டாடினார்கள். பத்து வருஷம் அந்தச் சந்தோஷம் இருந்தது. 2025 அக்டோபரில் சுப்ரீம் கோர்ட்டு, சட்டத்தின் அந்த ஒரு வரி அப்படியே இருக்கிறபோது ஹைகோர்ட்டு இவ்விதம் பொதுவாக உத்தரவிட முடியாது என்று சொல்லி, அந்தப் பகுதியை நீக்கிவிட்டது. கோர்ட்டைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை. இருக்கிற எழுத்தைத்தான் அவர்கள் படித்தார்கள். 2022 டிசம்பரில் இன்னொரு வழக்கிலே இதே சுப்ரீம் கோர்ட்டு, பழங்குடிப் பெண்களுக்கும் வாரிசுரிமை கிடைக்கச் சட்டத்தைத் திருத்தலாமா என்று மத்திய அரசாங்கம் யோசிக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறது. பேனா டில்லியில் இருக்கிறது. எனக்குப் பார்க்கத் தெரிந்தவரையில், மை காயாமல் இருக்கிறதா என்றுதான் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

உலகத்தின் மறு கோடியில் ஆர்ஜென்டினா தேசத்திலும் இப்படி ஒரு மலைத் தோட்டம் உண்டு. சால்டா மாகாணத்தில், ஆண்டிஸ் மலையில், கடல் மட்டத்துக்கு 3,111 மீட்டர் உயரத்தில், அதாவது பத்தாயிரம் அடிக்கு மேல், கொடி வளர்க்கிறார்கள். 1831-ல் ஏற்பட்ட கொலோமே என்ற பண்ணைக்குச் சொந்தமானது. அந்த உயரத்தையே சீட்டில் அச்சடித்துச் சீசாவில் ஒட்டி உலகமெல்லாம் விற்கிறார்கள். அந்தப் பள்ளத்தாக்கின் பிரபலமான வாசனைத் திராட்சைக்கு டொரொன்டெஸ் என்று பெயர். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து நமக்கு வருகிற பன்னீர் திராட்சைக்கும் அதற்கும் ரத்த சம்பந்தம் உண்டு! இரண்டுக்கும் தாய் தகப்பனில் ஒன்று அலெக்ஸாண்டிரியா மஸ்கட் என்ற பழைய ஜாதி. பன்னீர் வாசனை அந்த வழியாக வந்த சீதனம். கம்பம் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ரிப்பாவின் அங்கூரியோ பெயரும் சீட்டும் இல்லாமல், வந்த சீசாவில் ஊற்றி, வந்த விருந்தாளிக்குக் கொடுக்கப்பட்டு அங்கேயே தீர்ந்து போகிறது. அது மட்டமான சரக்கு என்பதால் அல்ல. வீட்டுப் பெண்கள் செய்கிற எந்தப் பதார்த்தத்துக்குத்தான் சீட்டு ஒட்டுகிறோம்?

இவ்வளவையும் மறுநாள் ஆச்சியிடம் போய்ச் சொன்னேன். கேட்டுவிட்டு, "நம்ம பக்கம் எப்படிட்டி?" என்றாள்.

நம் பக்கம் எப்படி என்று உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பரம்பரைக் குடும்பச் சொத்தில் மகனைப்போல மகளுக்கும் பிறப்பிலேயே பங்கு உண்டு என்று தமிழ்நாட்டில் 1989-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். ஆனால் அந்த வருஷம் மார்ச்சு 25-ந் தேதிக்கு முன்னால் கல்யாணம் ஆனவளுக்குக் கிடையாது என்று ஒரு கொக்கியும் வைத்தார்கள். 2005-ல் மத்தியச் சட்டமே மாறியபோது அந்தக் கொக்கி போயிற்று. அப்பா உயிரோடு இருந்தாரா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை, மகளுக்குப் பங்கு பங்குதான் என்று 2020 ஆகஸ்டில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாக்கிவிட்டது. ஆனால் முன்னாலேயே பத்திரம் பதிந்து பாகம் பிரித்துவிட்ட சொத்துக்களை இந்தச் சட்டம் திரும்பக் கிளறாது.

ஆச்சியின் தகப்பனாருக்கு மலையடிவாரத்தில் எலுமிச்சந் தோட்டம் இருந்தது. ஆச்சி சிறு பெண்ணாக இருந்தபோது கிணற்றிலிருந்து நீர் இறைத்து ஊற்றிய கன்றுகள். தோட்டத்தை வாங்கியது தகப்பனாரின் சொந்தச் சம்பாத்தியத்தில். அதனால் அவர் காலமானபோது 1956-ம் வருஷச் சட்டப்படியே அவளுக்கும் பங்கு இருந்தது. தம்பிமார் இரண்டு பேர் ஒரு நாள் காரில் அழைத்துக்கொண்டு போய், ரிஜிஸ்தர் ஆபீசில் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கினார்கள். திரும்பி வரும்போது ஒரு பட்டுச் சேலை வாங்கிக் கொடுத்தார்கள். அரக்குக் கலரில் மாம்பழ பார்டர். ஆச்சி அதைப் பெட்டியிலிருந்து எடுத்து எனக்குக் காண்பித்திருக்கிறாள். ஒரு தடவைகூட உடுத்தவில்லை.

"கொடுக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே, ஆச்சி?"

"சொல்லியிருந்தா பொறந்த வீட்டு வாசல்லே நிக்க முடியுமாட்டி? தீபாவளிக்கு யாரு வந்து கூப்பிடுவா?" என்றாள். அப்புறம் வெகு நேரம் மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அங்கே சட்டம் இல்லே, அதனாலே கிடைக்கலே. இங்கே சட்டம் இருந்துச்சு. நான்தான் சேலையை வாங்கிக்கிட்டேன்."

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தக் காலத்துப் பெண்ணிடம் அவ்வளவு தைரியத்தை எதிர்பார்க்கிறவர்கள், நாமே எத்தனை விடுதலைப் பத்திரத்தைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டோம் என்று ஒரு தடவை யோசித்துக்கொள்ளலாம். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பையனுக்கு லீவு முடிந்தது. முகாமுக்குப் பக்கத்தில் ஒரு பாட்டியம்மாளின் டீக்கடையில்தான் அவனும் மற்றச் சிப்பாய்களும் டீ குடிப்பார்களாம். குளிர் காலத்தில் அந்தப் பாட்டி, கணப்பு அடுப்பின் பக்கத்தில் இடம் ஒதுக்கி உட்கார வைப்பாளாம். பொட்டலத்துச் சில்கோஜாவும் அவள் கொடுத்ததுதான். "அவகிட்டே கேட்டுச் சொல்லுலே, அவ தோட்டம் யார் பேரிலே இருக்குன்னு" என்று சொல்லித்தான் ஆச்சி அவனை வழி அனுப்பினாள். நாலைந்து நாள் கழித்து டெலிபோன் வந்தது. ஆச்சிக்குக் காது சரியாகக் கேளாது; என்னைக் கூப்பிட்டார்கள்.

"கேட்டேன் அத்தை. சிரிச்சாங்க. தம்பி மகன் பேரிலே இருக்காம். ஆனா எந்தக் கொடியை எப்போ கவாத்துப் பண்ணணும்னு இன்னிக்கும் இவங்களைத்தான் வந்து கேக்கிறாங்களாம்."

ஆச்சியின் காதோரம் குனிந்து சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டினாள். பேரன் கூடையோடு எடுத்துக்கொண்டு போன சாமான்களில் ஆச்சி போட்ட எலுமிச்சங்காய் ஊறுகாய் ஜாடி ஒன்று அந்தப் பாட்டியம்மாளுக்கு என்று தனியாகத் துணி சுற்றி வைத்திருந்தது. அந்தப் பக்கத்துக் குளிரில் எலுமிச்சை காய்க்காதாம். காரம் கொஞ்சம் கூடுதல் என்று சொல்லிக் கொடுத்தானா என்று கேட்க எனக்கு மறந்து போயிற்று.